குட்டிகளை எண்ணினால் போதாது: மலையக வனவிலங்கு, தோட்ட அதிகாரிகளுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய அதிகாரிகளுக்கு,

வணக்கம். எங்கள் பக்கத்துத் தேயிலை மலையில் மறுபடியும் ஒரு பெண் சிறுத்தை சுருக்குக் கம்பியில் மாட்டிச் செத்திருக்கிறது. விவரம் உங்களுக்குத் தெரியும். 2020 மே மாதம் நல்லதண்ணியில் சிக்கிய கருஞ்சிறுத்தையைச் சிகிச்சைக்கு உடவளவைக்குக் கொண்டுபோயும் காப்பாற்ற முடியவில்லை. அன்று நாடே பேசியது. கம்பிகள் மட்டும் அப்படியே இருக்கின்றன.

கம்பி வைப்பது காட்டுப்பன்றிக்கு. சிறுத்தைக்கு அது இடுப்பில் விழுகிறது. இழுக்க இழுக்க இறுகும். மயக்க ஊசி போட ஆள் வரும்வரை கூட்டம் சுற்றி நின்று போனில் படம் பிடிக்கிறது, மிரண்டுபோன சிறுத்தை இன்னும் வேகமாக இழுக்கிறது. அவிழ்க்கும்போது வெளிக்காயம் சின்னதாகத் தெரிந்தாலும் உள்ளுறுப்புகள் நசுங்கியிருக்கும். தயவுசெய்து கம்பிகளை அகற்றுங்கள்.

"கேமராவில் குட்டிகள் தெரிகின்றன, இனம் பெருகுகிறது" என்று எங்களுக்கு ஆறுதல் சொன்னார்கள். அதை ஏற்க முடியவில்லை. எந்த வயதில் எத்தனை பிழைக்கின்றன, எத்தனை குட்டி ஈனுகின்றன என்பதைத் தாயமாக (எண்களை நிரை நிரலாக வைக்கும் கட்டமாக) அடுக்கி, இனத்தின் வளர்ச்சி வீதத்தைக் கணக்கிடும் முறையை லெஸ்லி என்ற ஆய்வாளர் 1945இலேயே எழுதிவிட்டார். அந்த எண்களில் எதைக் கொஞ்சம் மாற்றினால் வீதம் அதிகம் அசைகிறது என்று பார்ப்பதுதான் உணர்திறன். நீண்ட காலம் வாழ்ந்து மெதுவாகப் பெருகும் விலங்குகளில் பெரும்பாலும் வீதத்தை அதிகம் அசைப்பது வளர்ந்த பெண் விலங்குகள் உயிரோடிருப்பதுதான். அமெரிக்கக் கரையின் பெருந்தலைக் கடலாமைகளை வைத்து 1987இல் இப்படிக் கணக்குப் போட்டார்கள். முட்டையையும் குஞ்சையும் முழுக்கக் காப்பாற்றினாலும் சரிவு நிற்காது, வலையில் சாகும் பெரிய ஆமைகளைக் காக்க வேண்டும் என்று தெரிந்தது.

சிறுத்தையிலும் தாயைத்தான் முதலில் காக்க வேண்டும். சிறுத்தைக் குட்டி ஒன்றரை வருடம்போலத் தாயை நம்பியே வாழ்கிறது. தாய் செத்தால் சின்னக் குட்டிகளும் பிழைக்காது. அப்புறம் எந்தக் குட்டியை எண்ணுவது?

கம்பி வைத்த தொழிலாளியை மட்டும் பிடித்தால் சரியாகிவிடுமா? லயத்துக்கு (தொழிலாளர் வரிசை வீடுகளுக்கு) பின்னால் போட்ட மரக்கறியைப் பன்றி ஒரே ராத்திரியில் கிண்டிவிட்டால் அந்தக் குடும்பத்துக்கு யார் ஈடு தருகிறார்கள்? வேலி கேட்டால் தோட்டம் அதிகாரியைக் காட்டுகிறது, அதிகாரி தோட்டத்தைக் காட்டுகிறார். இத்தனை வருடமும் எங்கள் சனத்துக்கு எதைக் கேட்டாலும் இதே பதில்தான்.

கோபத்தில் எழுதியதைப் பொறுத்துக்கொள்ளுங்கள். பணிவாகக் கேட்பது இதுதான்: காட்டோரத் தேயிலை மலைகளில் மாதம் ஒரு முறையாவது நடந்து கம்பிகளை அகற்றுங்கள், மரக்கறித் தோட்டங்களுக்கு வேலி போட்டுக் கொடுங்கள். கம்பி எங்கே இருக்கும் என்று தெரிந்த இளைஞர்கள் எங்களிடம் இருக்கிறார்கள். நாளைச் சொல்லுங்கள், கூட வருகிறோம்.

இப்படிக்கு,
மஸ்கெலியாப் பக்கத்துத் தோட்டவாசி ஒருவர்