உன் கரையும் கீழே இருக்கும் வீடுகளும்

அன்புள்ள நண்பா,

பேத்தி நடக்கத் தொடங்கிவிட்டாள் என்பதை ஒரே வரியில் முடித்துவிட்டு, மிச்சம் மூன்று பக்கமும் உன் மண் அணைக்காகக் கோபப்பட்டிருக்கிறாய். சரி, எனக்கும் அணையை விட்டால் வேறென்ன பேசத் தெரியும்? முழங்கால் வலி அப்படியேதான் இருக்கிறது. விஷயத்துக்கு வருகிறேன்.

"முப்பது வருஷமாக ஒரு விரிசல் இல்லை, ‘அதிக அபாயம்’ என்று எழுதிவிட்டார்கள்" என்கிறாய். உன் கரையை யாரும் குறை சொல்லவில்லையப்பா. குறைவு, நடுத்தரம், அதிகம் என்று பிரிப்பது, அணை உடைந்தால் கீழே என்ன ஆகும் என்பதை வைத்துத்தான். உடையுமா என்பது தனிக் கணக்கு. தண்ணீர் வெறும் நிலத்தில் பரவி வடிந்துவிடும் என்றால் குறைவு. உயிருக்கு ஆபத்தில்லை, ஆனால் சாலையோ மின்கம்பமோ போகும் என்றால் நடுத்தரம். உயிர் போகும் என்று தெரிந்தால் அதிகம். நேற்றுக் கட்டிய அருமையான அணையும் இதில் வரலாம். கரைந்து கிடக்கும் கரை ‘குறைவு’ பட்டியலில் இருக்கலாம்.

ஓடையோரம் புதிதாக வீடுகள் வந்திருப்பதை நீயே எழுதியிருக்கிறாய். கரை மாறவில்லை, கீழே இருப்பவர்கள் மாறிவிட்டார்கள். வேலையில் இருந்தபோது நான் ‘குறைவு’ என்று கையெழுத்துப் போட்ட ஓர் அணைக்குக் கீழே, பத்து வருஷம் கழித்துத் தற்செயலாகப் போனேன். கொடியில் குழந்தைத் துணி காய்ந்துகொண்டிருந்தது. கோப்பில் என் கையெழுத்து அப்படியே இருந்தது. அன்று இரவு தூக்கமில்லை.

சின்ன அணைதானே என்கிறாய். அமெரிக்காவில் ஜார்ஜியா மாநிலத்தில் டொக்கோவா அருவிக்கு மேலே இருந்த கெல்லி பார்ன்ஸ் அணையும் சின்ன மண் அணைதான். மின்சாரம் எடுப்பதை எப்போதோ நிறுத்திவிட்டார்கள். 1977 நவம்பர் 6, பெருமழைக்குப் பின் அதிகாலை இருட்டில் உடைந்தது. கீழே ஒரு கல்லூரி. 39 பேர் இறந்தார்கள். அதன் பிறகுதான் அங்கே அதிக அபாய வகையில் இருந்த மத்திய அரசுக்குச் சொந்தமல்லாத அணைகளைச் சோதிக்க அதிபர் கார்ட்டர் உத்தரவிட்டார்.

அப்புறம், மீன் தப்பிக்காமல் இருக்கக் கலங்கலில், அதாவது உபரித் தண்ணீர் வெளியேறும் வழியில், வலை கட்டியிருக்கிறேன் என்று பெருமையாக எழுதியிருக்கிறாயே, அதைப் படித்ததும் பகீரென்றது. பென்சில்வேனியாவின் சவுத் ஃபோர்க் அணையிலும் மீனுக்காகத்தான் கலங்கலில் கம்பித் தடுப்பு வைத்தார்கள். 1889 மே 31 அன்று வந்த வெள்ளத்தில் குப்பை போய் அதில் அடைத்தது. கரையின் உச்சியையும் முன்பே தணித்திருந்தார்கள். தண்ணீர் கரைமேல் வழிந்தது, அணை போயிற்று. செத்தவர்கள் 2,200க்கும் மேல். மண் கரைக்கு அதன்மேல் தண்ணீர் வழிவதுதான் எமன்.

கரையின் அடியில் ஈரம் கசிகிறது என்று போகிறபோக்கில் சொல்லியிருக்கிறாய். ஒரு கண்ணாடி டம்ளரில் பிடித்துப் பார். தெளிந்திருந்தால் அளவை வாரம் ஒருமுறை குறித்து வை. கலங்கி, மண்ணோடு வந்தால் உள்ளே கரை அரிக்கிறது என்று அர்த்தம்; உடனே மதகைத் திறந்து நீர்மட்டத்தைக் குறை, பொறியாளரைக் கூப்பிடு, கீழே இருப்பவர்களிடமும் சொல். கரைமேல் நிற்கும் பெரிய மரத்தை மட்டும் அவசரப்பட்டு வெட்டாதே, வேர் உள்ளே மட்கினால் தண்ணீருக்கு அதுவே வழி.

ஓடையோர வீடுகளின் தொலைபேசி எண்களை வாங்கிவிட்டாயா? வலையை எப்போது கழற்றினாய் என்று அடுத்த கடிதத்தில் எழுது. பேத்தியைப் பற்றியும் இன்னும் நாலு வரி.

உன் பழைய நண்பன்