கயலுக்கு, அமெரிக்காவின் சார்ல்ஸ்டனிலிருந்து

அன்பு மகள் கயல்விழிக்கு,

அப்பா எழுதுவது. தொலைபேசியில் பள்ளியைப் பற்றிக் கேட்டால், "எல்லாம் நன்றாக இருக்கிறது" என்று சொல்லிவிட்டு உடனே அம்மாவின் முழங்கால் வலியை விசாரிக்கத் தொடங்கிவிடுகிறாய். உன் அத்தை ஏதோ சொல்ல வந்தாள். நான் துருவிக் கேட்கவில்லை, உன்னிடமும் கேட்க மாட்டேன். வேலையைப் பத்திரமாக வைத்துக்கொள் என்று மட்டும் சொல்கிறேன்.

சனிக்கிழமைதோறும் நீ வீடு வீடாகப் போய் வாக்காளர் பதிவுப் படிவங்களை நிரப்பிக் கொடுப்பதை இங்கே பார்ப்பவர்களிடமெல்லாம் பெருமையாகச் சொல்கிறேன். வீட்டுக்கு வந்து உட்கார்ந்ததும் பயம் பிடித்துக்கொள்கிறது. ஓர் ஆசிரியைக்கு இதனால் என்ன நேரும் என்பதற்கு நம் ஊரே சாட்சி. கறுப்பின ஆசிரியை செப்டிமா கிளார்க் இங்கே பிறந்தவர். கறுப்பின ஆசிரியர்களைச் சார்ல்ஸ்டன் பொதுப்பள்ளிகள் சேர்த்துக்கொள்ளாத காலத்தில், 1916இல், அருகிலுள்ள ஜான்ஸ் தீவுக்குப் போய்ப் பாடம் சொல்லத் தொடங்கினார். நாற்பது ஆண்டு கழித்து, கறுப்பின மக்களின் உரிமைக்காகப் போராடும் என்.ஏ.ஏ.சி.பி. சங்கத்தின் உறுப்பினர் எவரும் அரசு ஊழியராக இருக்கக் கூடாது என்று தென் கரோலினா சட்டம் போட்டபோது, அவர் அந்தச் சங்கத்தை விட்டு விலக மறுத்தார். வேலையும் போயிற்று, ஓய்வூதியமும் போயிற்று.

ஆனால் 1957 தொடக்கத்திலேயே அதே ஜான்ஸ் தீவில், முன்பக்கம் கடையும் பின்பக்கம் வகுப்பறையுமாக, வெள்ளையர் கண்ணில் படாமல், அவரும் சேர்ந்து உருவாக்கிய முதல் குடியுரிமைப் பள்ளி நடந்தது. வாக்காளராகப் பதிவு செய்ய, மாநில அரசியலமைப்பின் ஒரு பகுதியை வாசித்துக் காட்ட வேண்டும் என்று பதிவு அலுவலகம் கேட்ட நாள்கள் அவை. ஆகவே பகலெல்லாம் உழைத்தவர்கள் இரவில் வந்து, கையெழுத்துப் போடவும், மணியார்டர் படிவம் நிரப்பவும், அந்த வரிகளை வாசிக்கவும் கற்றார்கள். பாடம் சொன்ன பெர்னிஸ் ராபின்சன் கறுப்பினப் பெண்களுக்கு முடி அலங்காரம் செய்து பிழைத்தவர். அவரை வேலையிலிருந்து நீக்க எந்த வெள்ளை முதலாளியும் இல்லை. இதை நான் அடிக்கடி நினைத்துக்கொள்கிறேன். நீயோ அரசுப் பள்ளியில் சம்பளம் வாங்குகிறவள்.

நீ இருக்கும் ஜார்ஜியாவின் 2021 சட்டப்படி, வாக்குச்சாவடிக் கட்டடத்திலிருந்து 150 அடிக்குள் வரிசையில் நிற்பவருக்குத் தண்ணீர் கொடுப்பதும் குற்றம். இரக்கப்பட்டுப் பாட்டிலை நீட்டிவிடாதே. ஜார்ஜியா போன்ற மாநிலங்கள் தேர்தல் விதியை மாற்றுவதற்கு முன் மத்திய அரசின் ஒப்புதலைப் பெற வேண்டிய கட்டாயம் 2013இல் ஷெல்பி வழக்கில் உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்போடு போய்விட்டது. அது இருந்திருந்தால் நான் இவ்வளவு பயப்பட மாட்டேன்.

கறுப்பின மக்களுக்கு வாக்குரிமை கிடைத்து என்ன மாறியது என்று தீபாவளியன்று உன் தம்பி கேட்டபோது நீ சாப்பாட்டை விட்டு எழுந்து போயிருக்க வேண்டாம். அவன் கேள்வியில் நியாயம் உண்டு. அமெரிக்க மத்திய வங்கியின் 2022 கணக்கெடுப்பில், சொத்து வரிசையில் நடுவில் நிற்கும் வெள்ளையர் குடும்பத்திடம் 2,85,000 டாலர் இருந்தது, கறுப்பினக் குடும்பத்திடம் 44,900 டாலர்தான். 1930களில் அரசு நிறுவனமே அவர்களுடைய குடியிருப்புகளை வரைபடத்தில் சிவப்பாகக் குறித்து, கடன் கொடுக்க உகந்ததல்ல என்று முத்திரை குத்தியதை நீதானே எனக்கு விளக்கினாய். சேமிப்பு இல்லாத வீட்டில், பதிவு செய்யப் போனதற்காக ஒருவருக்கு வேலை போனால் அந்த மாத வாடகையே போயிற்று. அது தெரிந்தும் அவர்கள் வரிசையில் நின்றார்கள்.

உனக்கு அந்த நிலை இல்லையம்மா. இந்த வீட்டின் கடன் அடைந்துவிட்டது, உன் மாடியறையை யாருக்கும் கொடுக்கவில்லை. 1965 ஆகஸ்டில் வாக்குரிமைச் சட்டம் வந்தது. அக்டோபரில், கறுப்பின மக்களின் அதே போராட்டம் திறந்துவிட்ட வழியில், நாட்டுவாரி ஒதுக்கீட்டை ஒழித்த குடியேற்றச் சட்டம் வந்தது. அது வராவிட்டால் உன் பெரியப்பாவுக்கு விசா ஏது, அவர் அழைக்காமல் நான் இங்கே வந்தது ஏது? அதனால்தான் நிறுத்து என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. இருட்டுவதற்குள் வீடு திரும்பு, தனியாகப் போகாதே, வேலையைப் பத்திரமாக வைத்துக்கொள்.

அது ஏற்கெனவே போய்விட்டிருந்தால், அத்தையிடம் சொன்னதை எங்களிடமும் சொல். கிளார்க்குக்கு ஓய்வூதியம் திரும்பக் கிடைக்க 1976 ஆயிற்று. அதற்குள் நாடெங்கும் அவரைத் தெரிந்துவிட்டது, ஆனாலும் நடுவிலிருந்த அத்தனை ஆண்டுகளும் அவர் சாப்பிட வேண்டியிருந்ததே. ஞாயிறு மாலை அழைக்கிறேன். அம்மாவிடம் நான் இன்னும் ஒன்றும் சொல்லவில்லை.

அன்புடன்,
அப்பா