பாப்பாவுக்கு அப்பா எழுதுவது

அன்புள்ள பாப்பா,

இங்கே எல்லாரும் நலம். அம்மாவுக்கு முட்டிவலி பரவாயில்லை. தம்பி டியூஷனுக்கு ஒழுங்காகப் போகிறான். மஞ்சக்குப்பத்துச் சித்தி உன்னை விசாரித்தாள். போனில் வாயைத் திறப்பதற்குள் "அப்புறம் பேசறேன்பா" என்கிறாய், அதனால்தான் எழுதுகிறேன்.

தண்ணீர் குடிக்கிறாயா?

போன ஞாயிறு நீ வந்து போனதிலிருந்து எனக்கு வேறு நினைப்பே இல்லை. உனக்காகவே அம்மா முதுநகர் போய் சங்கரா மீன் வாங்கி வந்தாள். நீ குழம்பைத் தொடவில்லை. சொம்பிலிருந்து ஒரு வாய் எடுத்துக் கொப்பளித்துத் துப்பினாய், ஒரு மிடறு விழுங்கவில்லை. அப்புறம் வேர்த்து எடை குறையட்டும் என்று உச்சி வெயிலில் மழைக்கோட்டை மாட்டிக்கொண்டு மாடியில் ஸ்கிப்பிங். இறங்கி வந்தபோது உதடு வெடித்திருந்தது. நான் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டால் சாயங்கால பஸ்ஸுக்கு நிற்காமல் அப்போதே கிளம்பியிருப்பாய்.

பாக்சிங்கை விடச் சொல்லவில்லை. புதுச்சேரி உப்பளம் ஸ்டேடியத்தில் என் பெண் ரிங்கில் ஏறுகிறாள் என்று துறைமுகம் முழுக்கச் சொல்லி வைத்திருக்கிறேன். பொம்பளப் பிள்ளைக்கு எதற்கு இதெல்லாம் என்ற உன் பெரியப்பாவே பார்க்க வருகிறாராம். ஆனால் 54 கிலோவுக்குள் வர இப்படிக் காய்ந்து கிடக்க வேண்டுமா? 57 கிலோ பிரிவில் ஆடினால் என்ன? மேரி கோம் 48 கிலோவில் உலகப் பட்டம் வாங்கியவர். 2012 லண்டன் ஒலிம்பிக்கில் பெண்களுக்கு 51-க்குக் கீழே பிரிவே இல்லை. சரி என்று மேலே போய், தன்னைவிடப் பெரிய உடம்புக்காரிகளோடு மோதி வெண்கலம் வாங்கினார். இது உனக்குத் தெரியாதா? சின்ன வயதில் நீதானே எனக்குச் சொன்னாய்!

தொழிலாக ஆடுகிறவர்களுக்கு முந்தின நாளே எடை போட்டுவிடுகிறார்கள், தேற ஒரு ராத்திரி கிடைக்கும். உனக்குக் காலையில் எடை, அன்றைக்கே போட்டி. மூன்று மூன்று நிமிஷமாக மூன்று ரவுண்டு. வற்றிய உடம்புக்கு இரண்டாவது ரவுண்டிலேயே கால் வராது. வெயிலில் தண்ணீர் இல்லாமல் வலை இழுத்த ஆட்கள் சுருண்டு விழுந்ததைக் கண்ணால் பார்த்தவன் நான். அவர்களை யாரும் தலையில் குத்தவில்லை. தலைக்கவசம் இருக்கிறதே என்பாய். அது புருவம் கிழியாமல் காக்கும், உள்ளே மூளை குலுங்குவதை நிறுத்தாது. இவ்வளவு படித்த பெண், இதை நானா சொல்ல வேண்டும்?

உன் இடது கை ஜாப் குத்தைப் பார்க்கத்தான் நாங்கள் வருகிறோம். நீ மயங்கி விழுவதைப் பார்க்க அம்மாவால் முடியாது, என்னாலும் முடியாது.

மாஸ்டரிடம் 57 என்று நீயே சொல்லிவிடு. உனக்குச் சங்கடம் என்றால் நான் பேசுகிறேன், கோபித்துக்கொள்ளாதே. எடை போட்டு முடிந்ததும் சாப்பிட அம்மா இட்லி கொண்டு வருவாள். அதுவரைக்கும் பட்டினி கிடக்காதே, தண்ணீர் குடி. இந்தக் கடிதம் கிடைத்ததும் போன் போடு, ராத்திரி எத்தனை மணியானாலும் சரி.

அப்பா