அரசுப் பள்ளிகளுக்கான நமது கல்வி அறக்கட்டளை: 2024–25 ஆண்டறிக்கை

ஆண்டுப் பொதுக்குழுவுக்கு வந்திருக்கும் அறங்காவலர்கள், உறுப்பினர்கள், பள்ளி மேலாண்மைக் குழுத் தலைவர்கள், தலைமையாசிரியர்கள், பெற்றோர்கள் அனைவருக்கும் வணக்கம்.

தருமபுரி மாவட்டத்தில் நாம் துணை நிற்கும் அரசுத் தொடக்க, நடுநிலை, உயர்நிலைப் பள்ளிகளில் இந்தக் கல்வியாண்டில் நடந்த வேலைகளை இங்கே வைக்கிறேன். வரவு செலவுக் கணக்கைத் தணிக்கைச் சான்றுடன் பொருளாளர் தனியே வாசிப்பார். அதனால் தொகைகளை விட்டுவிட்டு, எந்த வேலை எப்படி நடக்கிறது, எங்கே நின்றுபோகிறது, ஏன் நிற்கிறது என்பதற்கே இந்த அறிக்கையில் இடம் தந்திருக்கிறேன். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் எழுத்தறிவில் மாநிலத்தின் கடைசி மாவட்டமாக இருந்தது நமது மாவட்டம். இங்கே ஒரு ரூபாயும் வீணாகக் கூடாது.

அரசு கொடுப்பதையே நாமும் கொடுப்பதில்லை என்ற முடிவை இந்த ஆண்டும் காத்தோம். பாடநூல், நோட்டு, பை, காலணி, கணித உபகரணப் பெட்டி, வண்ணப் பென்சில், நிலவரைபடம் எல்லாம் அரசிடமிருந்து வருகின்றன. சத்துணவு உண்ணும் எட்டாம் வகுப்பு வரையுள்ள பிள்ளைகளுக்கு நான்கு செட் சீருடை, பதினோராம் வகுப்பில் சைக்கிள். 2023 ஆகஸ்ட் 25 முதல் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளிலும் காலை உணவும் உண்டு. நன்கொடையாளர்கள் முதலில் கேட்பது நோட்டும் பையும்தான். அவர்களிடம் இந்தப் பட்டியலைக் காட்டிவிட்டு, பள்ளியில் உண்மையில் இல்லாததைச் சொல்கிறோம்: குடிக்கத் தகுந்த தண்ணீர், கதவு சாத்தும் கழிப்பறை, பூட்டில்லாத புத்தக அலமாரி, கைக்கு வந்து சேரும் உதவித்தொகை.

எந்த வேலையும் பள்ளி மேலாண்மைக் குழுவின் தீர்மானத்தில்தான் தொடங்குகிறது. கல்வி உரிமைச் சட்டத்தின் 21ஆம் பிரிவுப்படி அந்தக் குழுவில் நாலில் மூன்று பங்கு பெற்றோர். மொத்தத்தில் பாதி பெண்கள். 2024 மறுகட்டமைப்பில் முன்னாள் மாணவர்களுக்கும் இடம் வந்திருப்பது நமக்குப் பெரிய பலம். தீர்மான நகல், தலைமையாசிரியரின் கடிதம், பொருளை யார் பராமரிப்பது என்று எழுதிய ஒரு பக்க ஒப்புதல் ஆகிய மூன்றும் கோப்பில் வந்த பிறகே விலைப்புள்ளி கேட்கிறோம். மூன்றாவது தாள்தான் முக்கியம். அது இல்லாமல் இறக்கிய பொருள் ஆளில்லாப் பொருளாகிவிடும்.

ஊர்மக்கள் பள்ளிக்கான பொருள்களை மேளதாளத்தோடு தட்டேந்தி கொண்டுவரும் கல்விச் சீருக்கும் இதே ஒழுங்கு வேண்டும். ஊரே பள்ளிக்குள் நுழையும் அந்த நாளின் மதிப்பு பொருளின் விலையைவிடப் பெரிது. ஆனால் சொல்லாமல் விட்டால் சுவர்க்கடிகாரமும் பிளாஸ்டிக் நாற்காலியும் குவிந்துவிடும். தேவைப் பட்டியலை ஒரு மாதம் முன்பே ரேஷன் கடையிலும் கோயில் மண்டபத்திலும் ஒட்டச் சொல்கிறோம். மின்விசிறி, டியூப் லைட், எவர்சில்வர் தட்டு, அமர்ந்து எழுதும் சாய்வுப் பலகை, தரைப்பாய் என்று எண்ணிக்கையோடு எழுத வேண்டும். மின்பொருள் தருபவர் ரசீதையும் உத்தரவாத அட்டையையும் தலைமையாசிரியரிடம் சேர்த்தே கொடுக்க வேண்டும்.

கட்டடம் நம் வேலையன்று. சுவர், கூரை, சுற்றுச்சுவர் எல்லாம் பொறியாளர் மதிப்பீடும் துறை அனுமதியும் வேண்டியவை. மக்கள் பங்காக மூன்றில் ஒரு பங்கைக் கட்டினால் மீதியை அரசு சேர்க்கும் ‘நமக்கு நாமே’ திட்டம் இருக்கிறது. அந்த முதல் பங்கைத் திரட்ட உதவுவதோடு நிற்கிறோம். வெளியூரில் இருக்கும் முன்னாள் மாணவர்கள் நேரே தர விரும்பினால், 2022 டிசம்பரில் அரசு தொடங்கிய ‘நம்ம ஸ்கூல் நம்ம ஊரு பள்ளி’ வழியாகத் தங்கள் பள்ளியையும் வேலையையும் தேர்ந்து செலுத்தலாம்.

தண்ணீர்

இந்த ஆண்டு உழைப்பில் பெரும்பகுதி இதற்கே போயிற்று. நம் மண்ணின் பாறையில் ஃபுளோரைடு தாதுக்கள் உண்டு. ஆழ்துளைக் கிணற்று நீர் அந்தப் பாறையோடு நெடுங்காலம் உறவாடி வருவதால் ஃபுளோரைடு கரைந்து ஏறுகிறது. பிள்ளைகளின் பல்லில் விழும் பழுப்புக் கோடு அதன் முதல் அடையாளம். அதே நீரை ஆண்டுக்கணக்கில் குடித்தால் எலும்பும் மூட்டும் இறுகும். இந்தியத் தரநிலை லிட்டருக்கு 1 மில்லிகிராம் வரை ஏற்கிறது. வேறு வழியே இல்லாதபோது 1.5 வரை. தண்ணீரைக் கொதிக்க வைத்தால் ஃபுளோரைடு போகாது. நீர் ஆவியாகி அளவு சற்றுக் கூடவே செய்யும். ‘காய்ச்சித்தானே கொடுக்கிறோம்’ என்று நல்லெண்ணத்தோடு சொல்லும் பெற்றோருக்கு இதைத் திரும்பத் திரும்ப எடுத்துச் சொல்ல வேண்டியிருக்கிறது.

காவிரி நீரைக் கொண்டுவரும் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013இல் வந்தது இதற்காகத்தான். பள்ளிக்குள் அந்தக் குழாய் வந்தும் கெட்டுப்போவது ஓர் இடத்தில்: ஆற்றுநீரும் போர்த் தண்ணீரும் (ஆழ்துளைக் கிணற்று நீர்) ஒரே தொட்டியில் ஏறுகின்றன. ஒகேனக்கல் நீர் வராத நாளில் மோட்டாரைப் போட்டு நிரப்பிவிடுவார்கள். பிறகு எது எந்த நீர் என்று யாருக்கும் தெரியாது. ஆகவே இரண்டு தொட்டி, இரண்டு குழாய் என்று பிரித்தோம். ஒகேனக்கல் நீர் குடிக்கவும் சமைக்கவும் மட்டும். போர் நீர் கழிப்பறைக்கும் கழுவவும். குடிநீர்த் தொட்டிக்கு நீலம், மற்றதற்குக் கறுப்பு என்று வண்ணம் தீட்டி, குழாய்களிலும் அதே வண்ணப் பட்டை போட்டிருக்கிறோம். நூறு பிள்ளைகள் குடிக்க ஒரு நாளைக்கு 150 முதல் 200 லிட்டர் போகும். சமையலையும் சேர்த்தால் 500 லிட்டர் தொட்டி ஒரு நாளுக்குப் போதும். ஒருநாள் விட்டு ஒருநாள் நீர் வரும் ஊரில் 1,000 லிட்டருக்குக் குறையக் கூடாது.

ஒகேனக்கல் நீர் எட்டாத இடங்களில்தான், நீரிலுள்ள உப்பையும் ஃபுளோரைடையும் பிரித்தெடுக்கும் ஆர்.ஓ. இயந்திரம். அதை வைப்பதற்கு முன் குடிநீர் வடிகால் வாரிய ஆய்வகத்தில் நீரைச் சோதிக்கிறோம். ஃபுளோரைடு சோதனைக்குக் கண்ணாடிக் குடுவை ஆகாது. புதிய பிளாஸ்டிக் கேனை அதே நீரால் மூன்று முறை அலசிவிட்டுப் பிடிக்க வேண்டும். கிருமிச் சோதனைக்குத் தனியே கிருமிநீக்கிய குப்பி. அதைப் பனிக்கட்டியில் வைத்து ஒரு நாளுக்குள் ஆய்வகத்தில் சேர்க்க வேண்டும்.

ஆர்.ஓ. நின்றுபோவதற்கு இயந்திரக் கோளாறு அரிதாகவே காரணம். முன்வடிகட்டியில் சேறு அடைந்து, அழுத்தம் குறைந்து, மோட்டார் வீணே ஓடி, கடைசியில் விலை கூடிய மெம்பரேன் (உப்பை வடிக்கும் சவ்வு) போய்விடுகிறது. நம் கடின நீருக்கு முன்வடிகட்டியை மூன்று மாதத்துக்கு ஒருமுறை மாற்றியாக வேண்டும். மெம்பரேன் இரண்டு மூன்று ஆண்டு தாங்கும். திறப்பு விழாவுக்குப் பணம் தர ஆளுண்டு. வடிகட்டி மாற்றத் தர ஆளில்லை. இதனால்தான் எந்த இயந்திரம் கொடுத்தாலும் மூன்று ஆண்டுப் பராமரிப்புச் செலவை அன்றே தனிக் கணக்கில் ஒதுக்குகிறோம். அந்த ஒதுக்கீட்டுக்கு ஒப்பாத நன்கொடையாளரின் இயந்திரத்தை ஏற்கவில்லை. கழிவாக வெளியேறும் நீரைக் கழிப்பறைத் தொட்டிக்கு விடலாம். உப்பு மிகுந்த அந்த நீரைச் செடிக்கு ஊற்றினால் மண் கெடும்.

கோடை விடுமுறைதான் தண்ணீருக்கு மோசமான காலம். தொட்டியிலும் இயந்திரத்திலும் நீர் வாரக்கணக்கில் தேங்குகிறது. பள்ளி திறப்பதற்கு இரண்டு நாள் முன்பு தொட்டியை முழுதும் வடித்து, உட்சுவரைத் தேய்த்துக் கழுவி, மறுபடி நிரப்ப வேண்டும். 1,000 லிட்டருக்கு 150 கிராம் பிளீச்சிங் பவுடரை வாளி நீரில் கரைத்து, அடியில் மண்டி தங்கிய பிறகு தெளிந்ததை மட்டும் ஊற்ற வேண்டும். குழாய்களைத் திறந்து குளோரின் வாடை வரும்வரை விட்டு, மூடி, நாலைந்து மணி நேரம் வைத்து எல்லாவற்றையும் வடித்துவிட வேண்டும். குளோரின் மெம்பரேனைக் கெடுக்கும் என்பதால் இந்த நீர் ஆர்.ஓ. பக்கம் போகாதபடி வால்வை முதலிலேயே அடைக்க வேண்டும். பவுடர் பொட்டலம் பழையதானால் வீரியம் இருக்காது. நாளைப் பார்த்து வாங்குங்கள்.

கழிப்பறையில் பெரிய செலவு இல்லை. உட்தாழ்ப்பாள், வெளிச்சம், வாளி, குவளை, பிள்ளைகள் தொங்கினாலும் உடையாத பித்தளைக் குழாய் ஆகியவை இருந்தாலே பெண் பிள்ளைகள் தயங்காமல் போகிறார்கள். அடியில் துருப்பிடிக்கும் தகரக் கதவுக்குப் பதில் ஃபைபர் கதவு போட்டு வருகிறோம். ‘புது யுகம்’ திட்டத்தில் நாப்கின் இலவசமாகக் கிடைக்கிறது. பயன்படுத்தியதைப் போட மூடியுள்ள தொட்டியும், அதை அப்புறப்படுத்தும் ஆளும் முடிவாகாமல் எரியூட்டி இயந்திரம் மட்டும் வாங்கித் தருவதில் பயனில்லை.

புத்தகம்

அரசின் வாசிப்பு இயக்கம் தந்த ‘நுழை, நட, ஓடு, பற’ வரிசை நூல்களைப் பிள்ளைகள் கிழியக் கிழியப் படிக்கிறார்கள். அதே பள்ளியில் நன்கொடைப் புத்தகங்கள் பீரோவுக்குள் பூட்டிக் கிடப்பதும் உண்டு. தலைமையாசிரியர்மீது குறை சொல்வது எளிது. இருப்புப் பதிவேட்டில் ஏறிய ஒவ்வொரு நூலுக்கும் மாறுதலாகிப் போகும் நாளில் அவர்தான் கணக்குக் காட்ட வேண்டும், பயப்படத்தான் செய்வார். அதனால் நம் நூல்களை அறக்கட்டளையின் இரவல் நூல்களாகவே வைக்கிறோம். பத்தில் ஒன்று கிழிந்தோ தொலைந்தோ போனால் கேள்வி இல்லை என்று எழுதியே கொடுத்திருக்கிறோம். பூட்டுகள் திறந்தன. ஜன்னலோரம் கயிறு கட்டித் தொங்கவிட்டால் அலமாரியும் தேவையில்லை. வீட்டில் மிஞ்சிய போட்டித்தேர்வு வழிகாட்டிகளையும் பழைய வார இதழ்களையும் மூட்டை கட்டி அனுப்ப வேண்டாம் என்று உறுப்பினர்களைக் கேட்டுக்கொள்கிறேன்.

உதவித்தொகை

எட்டாம் வகுப்பில் எழுதும் தேசிய வருவாய்வழித் திறன் தேர்வில் தேர்வான பிள்ளைக்கு ஒன்பது முதல் பன்னிரண்டு வரை ஆண்டுக்கு 12,000 ரூபாய், நான்கு ஆண்டில் 48,000. தமிழ்நாட்டுக்கு 6,695 இடங்கள். நாம் திரட்டும் எந்த நன்கொடையாலும் ஒரு பிள்ளைக்கு இவ்வளவு தர முடியாது. ஆகவே பணம் தருவதைவிட இந்தத் தேர்வுக்குத் தயார் செய்வதையே பெரிதாக நினைக்கிறோம்.

மனத்திறன் 90 கேள்வி, படிப்பறிவு 90 கேள்வி, ஒவ்வொன்றுக்கும் 90 நிமிடம். படிப்பறிவில் அறிவியல் 35, சமூக அறிவியல் 35, கணக்கு 20. பிள்ளைகள் திணறுவது மனத்திறன் தாளில்தான். எண்தொடர், கண்ணாடிப் பிம்பம், திசை, கடிகாரம், நாட்காட்டி ஆகியவை எந்தப் பாடநூலிலும் இந்த வடிவில் இல்லை. சனிக்கிழமை வகுப்புகளில் பாதி நேரத்தை இதற்கே வைத்தோம். தவறான விடைக்கு மதிப்பெண் குறைப்பு இல்லை. ஒரு கேள்வியையும் விடக் கூடாது. ஓ.எம்.ஆர். தாளில் ஒரு வரிசை தவறினால் கீழே உள்ள எல்லாமே தவறிவிடும் என்பதால், தெரியாத கேள்வியையும் ஏதேனும் ஒரு வட்டம் நிரப்பியே கடக்கப் பழக்குகிறோம்.

தேர்வில் வென்ற பிறகும் பணம் வராமல் போவதுதான் மனத்தை வருத்துவது. காரணங்கள் ஆண்டுதோறும் ஒன்றே. ஆதாரில் தந்தை பெயர் முழுதாக, பள்ளிப் பதிவில் இனிஷியல் மட்டும், வங்கியில் இனிஷியல் பெயருக்குப் பின்னால். மூன்றும் ஒன்றாகாவிட்டால் இணையதளம் ஏற்காது. வங்கிக் கணக்கில் ஆதார் இணைந்திருக்காது, அல்லது வரவுசெலவு இல்லாமல் கணக்கு முடங்கியிருக்கும். இன்னொன்று, ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும் என்பதே தெரியாமல் விட்டுவிடுவது. பத்தாம் வகுப்பில் 60 விழுக்காடு (பட்டியல் சாதி, பழங்குடி மாணவருக்கு 55) இல்லாவிட்டால் பதினொன்றிலிருந்து நின்றுவிடும் என்பதையும் பெற்றோருக்கு முன்பே சொல்ல வேண்டும்.

குடும்ப வருமானம் 3,50,000 ரூபாய்க்குள் என்பதற்குச் சான்று வேண்டும். பெற்றோர் பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போய்விட்டால் தேர்வு நேரத்தில் கையெழுத்துக்கு ஆள் கிடைக்காது. ஆடி 18க்கு ஊருக்கு வருவார்கள். அந்த வாரமே இ-சேவை மையத்தில் வருமானச் சான்றுக்கு விண்ணப்பித்து, பெயர்த் திருத்தத்தையும் முடித்துவிட வேண்டும். இந்தக் கால அட்டவணையை எல்லாப் பள்ளிகளிலும் அச்சிட்டு ஒட்டியிருக்கிறோம்.

மேற்படிப்பில் அரசுப் பள்ளி மாணவருக்கான 7.5 விழுக்காடு இடஒதுக்கீடும், மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப்பெண், தமிழ்ப்புதல்வன் திட்டங்களும் ஆறாம் வகுப்பிலிருந்து எங்கே படித்தார்கள் என்பதையே பார்க்கின்றன. ஆறாம் வகுப்பில் பள்ளி மாற்ற நினைக்கும் பெற்றோரிடம் இதைச் சொல்லத் தன்னார்வலர்கள் மே மாதத்திலேயே வீடுவீடாகப் போக வேண்டும்.

மாலை வகுப்புத் தன்னார்வலர்கள் வகுப்பாசிரியரிடம் ‘எண்ணும் எழுத்தும்’ என்ற அடிப்படைக் கற்றல் திட்டத்தில் பிள்ளையின் நிலையை, அரும்பா, மொட்டா, மலரா என்று கேட்டறிந்தே தொடங்குகிறார்கள். தனித்த அறையில் வகுப்பு கூடாது, இருவராவது இருக்க வேண்டும், பிள்ளைகளின் படத்தை வெளியிடக் கூடாது. இவற்றில் யாருக்கும் விலக்கு இல்லை. ஒரு பெண் பிள்ளை காரணமின்றிச் சில நாள் வராமல், வீட்டில் திருமணப் பேச்சு என்று தெரிந்தால் குழந்தைகள் உதவி எண் 1098க்கு அழைக்கத் தயங்க வேண்டாம். அழைத்தவர் பெயரை நாம் எங்கும் எழுதுவதில்லை.

நன்கொடையாளர் கவனத்துக்கு: நன்கொடைக்கான 80ஜி வருமான வரி விலக்கு பழைய வரிமுறையில் இருப்போருக்கே. ரொக்கமாக 2,000 ரூபாய்க்கு மேல் தந்தால் விலக்குக் கிடையாது. பான், ஆதார் போன்ற அடையாள எண் எதையும் தராதவர்கள் பெயரை, நன்கொடை விவரத்தை வருமான வரித்துறைக்குத் தெரிவிக்கும் 10பிடி படிவத்தில் சேர்க்க முடியாது. அதன் கடைசி நாள் மே 31. வெளிநாட்டுப் பணத்தை நாம் வாங்குவதில்லை, அதற்குரிய பதிவு நமக்கு இல்லை.

வரும் ஆண்டுக்கான தீர்மானங்கள் இரண்டு. ஆர்.ஓ. இயந்திரம் உள்ள ஒவ்வொரு பள்ளிக்கும் நீரில் கரைந்த உப்பின் அளவைக் காட்டும் ஒரு டி.டி.எஸ். மானி வாங்கி, எட்டாம் வகுப்புப் பிள்ளைகளே வாரம் ஒருமுறை அளந்து சுவரில் எழுதுவது. அந்த எண் ஏறத் தொடங்கினால் மெம்பரேனை மாற்றும் காலம் வந்துவிட்டது. மற்றொன்று, உதவித்தொகைப் புதுப்பிப்புக்குப் பள்ளிக்கு ஒரு தன்னார்வலரை ஜூலைக்குள் நியமிப்பது. இதற்குப் பெயர் கொடுக்க விரும்புவோர் கூட்டம் முடிந்ததும் வாசலருகே உள்ள பதிவேட்டில் பள்ளியின் பெயரோடு எழுதிவிட்டுச் செல்லுங்கள்.

செயலாளர்