பின்கதவு ஸ்டெப்னியை ஒரே தூக்கில் ஏற்றாதீர்கள்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு, வணக்கம்.

போன மாதம் நம்மிடம் டயர் வாங்கும் ஒருவர் மஹிந்திரா தார் ஜீப்பில் வந்தார். வண்டியை விட்டு இறங்கவே சிரமப்பட்டார். ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு ஏறும்போது, அந்த 40 கொண்டை ஊசி வளைவுகளுக்கு நடுவே பஞ்சர். ஸ்டெப்னியை நல்லபடியாக மாட்டிவிட்டார். கழற்றிய டயரைத் தனியாளாகப் பின்கதவில் ஏற்றப் போனபோதுதான் இடுப்பு பிடித்துக்கொண்டது. பார்க்கவே கஷ்டமாக இருந்தது. அதனால்தான் இந்த மடல்.

255/65 ஆர்18 அளவு டயர் ரிம்மோடு சேர்ந்து ஏறக்குறைய 30 கிலோ இருக்கும். 25 கிலோ அரிசி மூட்டையைத் தூக்குகிறவருக்கு இது பெரிதா என்று தோன்றலாம். மூட்டையை மார்போடு அணைத்துக்கொள்ளலாம். டயரையோ நெஞ்சுயரத்தில் முன்னே நீட்டிப் பிடித்தபடி போல்ட்டுக்கு நேராகத் துளையைத் தேட வேண்டும். கை நீள நீள, இடுப்பில் இறங்கும் பாரம் கூடும். எல்லாம் தோதாக அமைந்தாலே ஒருவர் தூக்க 23 கிலோதான் வரம்பு என்கிறது அமெரிக்கத் தொழில் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நியாஷின் கணக்கு.

நடுவழியில் பஞ்சர் ஆனால் அந்த டயரைப் பின்கதவில் மாட்டியே ஆக வேண்டும் என்றில்லை. பின்பக்கம் சாக்கு விரித்துப் படுக்கவைத்து, உருளாதபடி கயிற்றால் இறுக்கிக் கட்டிக் கடைக்குக் கொண்டுவாருங்கள். மீதியை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்.

வீட்டில் நீங்களே மாட்டுவதானால், துணைக்கு இன்னொரு ஆள் வேண்டும். சமதளத்தில் நிறுத்தி ஹேண்ட் பிரேக் போடுங்கள். செருப்பு வேண்டாம், ஷூ போடுங்கள். தேய்ந்த டயரில் கம்பி நீட்டிக்கொண்டிருக்கும், கையுறையும் தேவை. பின்கதவு மூடியே இருக்கட்டும். திறந்திருந்தால் பாரத்தில் ஆடும். தூக்குவதற்கு முன்பே போல்ட்டுகளைப் பார்த்து, மேலே வர வேண்டிய துளைக்கு நேராக டயரில் சாக்பீஸ் கோடு போட்டுவிடுங்கள். பாதி வேலை இதிலேயே முடிந்துவிடும். அப்புறம் ஆளுக்கொரு பக்கம் குந்தி, டயரை உடம்போடு ஒட்டிப் பிடித்து, முதலில் முழங்கால் உயரமுள்ள, ஆடாத முக்காலியில் ஏற்றுங்கள். மூச்சு வாங்கிக்கொண்டு அங்கிருந்து போல்ட்டுக்கு. இடுப்பைத் திருப்பாதீர்கள், காலை எடுத்து வைத்துத் திரும்புங்கள். நழுவினால் பிடிக்கப் போகாமல் விலகிவிடுங்கள். எல்லா நட்டுகளையும் கையால் ஏற்றிய பிறகே ஸ்பேனர். நூறு கிலோமீட்டர் ஓடியதும் ஒருமுறை இறுக்கிப் பாருங்கள்.

சேற்றுப் பாதைக்கான பெரிய மட் டயர் போட நினைப்பவர்கள் வாங்கும் முன் கேளுங்கள். கூடுகிற எடை முழுவதும் பின்கதவின் கீலில்தான் தொங்கும்.

அடுத்த முறை கடைக்கு வரும்போது சொல்லுங்கள், உங்கள் வண்டியிலேயே செய்து காட்டுகிறோம். அதற்குக் கூலி கிடையாது.

அன்புடன்,
உங்கள் டயர் கடையினர், பொள்ளாச்சி