பண்ணாரியில் கேட் மூடிய பிறகும் ‘நேராகச் செல்லவும்’

எனக்குக் கார் வழிகாட்டிக் கருவி விற்ற நிறுவனத்தின் நிர்வாகத்தினருக்கு,

வணக்கம்.

உங்கள் கஸ்டமர் கேரில் இதுவரை நான்கு முறை புகார் கொடுத்திருக்கிறேன். நான்கையும் ‘உங்கள் புகார் தீர்க்கப்பட்டது’ என்று எஸ்எம்எஸ் அனுப்பி மூடிவிட்டீர்கள். எதுவும் தீரவில்லை. மின்னஞ்சல் போட்டால் ‘தங்கள் கருத்துக்கு நன்றி’ என்று ஒரே பதில்தான் வருகிறது. அதனால்தான் எல்லோரும் படிக்கும்படி எழுதுகிறேன். உங்கள் நிறுவனத்தின் பெயரை இதில் எழுதவில்லை. சொல்ல வேண்டிய இடத்தில் சொல்லிக்கொள்கிறேன். இதே மாதிரி கருவி விற்கும் மற்றவர்களும் இதைப் படிக்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

2024 செப்டம்பரில், மதுரையில் உங்கள் அங்கீகாரம் பெற்ற கடையில், 32,500 ரூபாய்க்கு அந்தக் கருவியை வாங்கினேன். கடைக்காரர்களே டேஷ்போர்டில் மாட்டிக் கொடுத்தார்கள். போன் இருக்கும்போது இது எதற்கு என்று வீட்டில் கேட்டார்கள். தங்கையை மைசூரில் கட்டிக்கொடுத்திருக்கிறோம். வருஷத்தில் நாலைந்து தடவை போய்வர வேண்டும். போகிற வழியில் திம்பம் மலையில் ஏறினால் பல இடங்களில் போனுக்கு டவர் கிடைக்காது. மேப் முழுவதும் கருவிக்குள்ளேயே இருக்கிறது, நெட் வேண்டாம், தமிழிலேயே வழி சொல்லும் என்று உங்கள் விற்பனையாளர் சொன்னார். பக்கத்தில் உட்காரும் அம்மாவுக்கும் புரியுமே என்றுதான் வாங்கினேன்.

முதல் வாரமே ஒரு சந்தேகம் வந்தது. மதுரையில் தல்லாகுளத்திலிருந்து செட்டிகுளம் வரை நத்தம் ரோட்டில் 7.3 கிலோமீட்டர் நீளத்துக்குப் பறக்கும் பாலம் இருக்கிறது. 2023 ஏப்ரலில் திறந்தார்கள். அதன் மேல் போய்க்கொண்டிருக்கும்போது உங்கள் கருவி ‘வலதுபுறம் திரும்பவும்’ என்றது. மேலே திரும்ப இடமே கிடையாது. மேலும் கீழுமாக இரண்டு ரோடு போனால் எதில் இருக்கிறோம் என்று கண்டுபிடிக்க ஜிபிஎஸ் திணறும் என்பது எனக்குத் தெரியும். ஆனால் இங்கே பாலமே உங்கள் மேப்பில் இல்லை. செட்டிங்ஸில் தேடித் தேடிக் கடைசிப் பக்கத்தில் பார்த்தேன். மேப் 2021-ஐச் சேர்ந்தது. 2024-ல் புதிதாக வாங்கிய பெட்டிக்குள் மூன்று வருஷத்துப் பழைய ஊர். அப்டேட் கேட்டதற்கு 3,500 ரூபாய் என்றார்கள். கட்டினேன். அப்புறமும் பாலம் வரவில்லை. அதுதான் முதல் புகார்.

சரி, பாலம் எனக்குத் தெரிந்த ஊரில் இருக்கிறது. கருவி என்ன சொன்னாலும் சமாளித்துக்கொள்வேன். தெரியாத ஊரில் இரவில் நடந்ததைத்தான் இங்கே முக்கியமாகச் சொல்ல வேண்டும்.

2025 ஜனவரியில் தங்கைக்குப் பித்தப்பை ஆபரேஷன். காலை எட்டு மணிக்கு தியேட்டருக்குள் கொண்டுபோவார்கள். அதற்கு முன்னால் அம்மா வந்துவிட வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றாள். மதியம் கிளம்பினோம். திண்டுக்கல், தாராபுரம், காங்கேயம், கோபி வழியாகச் சத்தியமங்கலம் போய், பண்ணாரி செக்போஸ்ட்டைத் தாண்டித் திம்பம் ஏறுவதாகத் திட்டம். பண்ணாரியை ஒன்பது மணிக்குள் தாண்டிவிடுங்கள் என்று மாப்பிள்ளை போனில் சொல்லியிருந்தார். புலிகள் காப்பகத்துக்குள் போகிற ரோடு அது. இரவில் வண்டிகளில் அடிபட்டு விலங்குகள் சாகின்றன என்று 2022 பிப்ரவரியிலிருந்து இரவில் விடுவதில்லை. கார் என்றால் ஒன்பது மணியிலிருந்து காலை ஆறு வரை. நியாயமான ஏற்பாடு, அதில் எனக்கு ஒரு குறையும் இல்லை. உங்கள் கருவி பண்ணாரிக்கு 8:20 என்று காட்டியது. நாற்பது நிமிடம் கையில் இருக்கிறது என்று நிம்மதியாகத்தான் ஓட்டினேன்.

கோபி தாண்டிக் கொடிவேரிப் பக்கம் வரும்போது ‘இடதுபுறம் திரும்பவும்’ என்றது. திரும்பினேன். கொஞ்ச தூரத்தில் வீடுகள் முடிந்தன, தார் முடிந்தது. ஹெட்லைட் வெளிச்சத்தில் ஒரு பக்கம் நெல் வயல். மறுபக்கம் தடப்பள்ளி வாய்க்கால், கரை தொட்டுத் தண்ணீர் ஓடுகிறது. காரின் அகலத்துக்கு மேல் ஒரு சாண்தான் மிச்சம். திரையில் மட்டும் அழகான நீலக் கோடு, அதன் நடுவில் என் கார். ‘நேராகச் செல்லவும்’ என்றது. நிறுத்திவிட்டேன். அம்மா ஒன்றும் பேசவில்லை, கதவின் கைப்பிடியை இறுகப் பிடித்துக்கொண்டிருந்தார்.

எதிரே பால் கேன் கட்டிய மொபெட்டில் ஒருவர் வந்தார். “ஏனுங்க, இது ரோடு இல்லீங்க, வாய்க்கா கரைங்க” என்றார். வண்டியை அப்படியே ஸ்டாண்ட் போட்டுவிட்டு, கால்வைக்க இடம் இருந்த பக்கமாகச் சுற்றிக் காரின் பின்னால் போய், செல்போன் டார்ச்சை அடித்துக்கொண்டே பின்பக்கமாக நடந்தார். “ஒடிங்க, இன்னும் கொஞ்சம் ஒடிங்க, இப்ப நேரா உடுங்க.” முக்கால் கிலோமீட்டர் ரிவர்ஸிலேயே வந்தேன். மெயின் ரோட்டில் ஏறும்போது சட்டை நனைந்திருந்தது. அவர் பெயரைக்கூடக் கேட்கத் தோன்றவில்லை. இன்றுவரை அது மனதை உறுத்துகிறது.

பண்ணாரிக்கு 9:15-க்குப் போய்ச் சேர்ந்தோம். கேட் போட்டிருந்தார்கள். வனத்துறைக் காவலர் தன்மையாகத்தான் பேசினார்: “ஆம்புலன்ஸ் மட்டுந்தாம்மா உடலாம். கோயில்கிட்ட நிறுத்திக்கோங்க, அங்க லைட் இருக்கும்.” அவர் பேசிக்கொண்டிருக்கும்போதே, மூடிய கேட்டுக்கு முன்னால் நின்றுகொண்டிருந்த காருக்குள்ளிருந்து உங்கள் கருவி மறுபடியும் சொன்னது: ‘நேராகச் செல்லவும்.’

மாரியம்மன் கோயில் பக்கத்தில் காரை நிறுத்தினோம். அறுபத்தெட்டு வயது அம்மா பின்சீட்டில் காலை மடக்கிக்கொண்டு படுத்தார். தூங்கவில்லை. காலை ஆறு மணிக்கு முதல் வண்டியாகக் கிளம்பியும், மைசூர் மருத்துவமனைக்குப் போகும்போது ஒன்பதரை ஆகிவிட்டது. தங்கை அம்மாவைப் பார்க்காமலே தியேட்டருக்குள் போய்விட்டாள். இப்போது நன்றாக இருக்கிறாள். ஆனாலும் அந்த இரவை அம்மா மறக்கவில்லை, நானும் மறக்கவில்லை.

ஊர் திரும்பியதும் உங்களைக் கூப்பிட்டேன். தமிழுக்கு ஒன்றை அழுத்தி, புகாருக்கு நான்கை அழுத்தி, இருபது நிமிடம் பாட்டுக் கேட்ட பிறகு ஒரு தம்பி பேசினார். பண்ணாரி என்றேன். “பன்னேர்கட்டாவா சார்?” என்றார். அவர் மேல் எனக்குக் கோபம் கிடையாது. அவர் எந்த ஊரில் உட்கார்ந்திருக்கிறாரோ. அவர் முன்னால் இருக்கும் திரையில் வருகிற கேள்விகளை அவர் கேட்டாக வேண்டும். ஆஃப் பண்ணி ஆன் பண்ணீங்களா, ரீசெட் பண்ணீங்களா, மாடல் நம்பர் என்ன. ‘காட்டு ரோட்டில் இரவுத் தடை இருக்கிறது, அதை மேப்பில் சேர்க்க வேண்டும்’ என்று எழுத அந்தத் திரையில் ஒரு கட்டம்கூட இல்லை. அப்படிச் செய்து வைத்திருப்பது நீங்கள்தான்.

சர்வீஸ் சென்டரில் ஒன்பது நாள் வைத்திருந்தார்கள். நான் சேமித்து வைத்திருந்த இடங்கள் எல்லாம் அழிந்து, டேஷ்போர்டு கிளிப் ஒன்று உடைந்து, கடகடவென்று சத்தத்தோடு திரும்பி வந்தது. ‘சோதித்தோம், குறை இல்லை’ என்று சீட்டு. மறுநாளே ரிங் ரோட்டில் போகும்போது பக்கத்து வயலுக்குள் ஓடுவதாகத் திரையில் காட்டியது.

கடைசியில், எங்கள் தெருமுனையில் கார் எலெக்ட்ரிக்கல் கடை வைத்திருக்கும் அண்ணனிடம் போனேன், அந்தச் சத்தத்தையாவது நிறுத்தித் தரச் சொல்லி. டேஷ்போர்டைக் கழற்றியவர் என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். தீப்பெட்டி அளவில் கறுப்பாக ஒரு ஆன்டெனா. ஸ்டீரியோவுக்குப் பின்னால் இருக்கும் இரும்புச் சட்டத்துக்கு அடியில், வானத்தைப் பார்க்க வேண்டிய முகம் தரையைப் பார்க்க, டபுள் டேப்பில் ஒட்டியிருந்தது. “இப்படி வச்சா சிக்னல் எப்படிங்க வரும்?” என்றார். எடுத்து, கண்ணாடிக்குக் கீழே டேஷ்போர்டின் மேல் மூலையில் ஒட்டினார். அன்றிலிருந்து இன்றுவரை திரையில் கார் ரோட்டை விட்டு இறங்கவில்லை. பத்து நிமிட வேலை. அவர் வாங்கிய கூலி 200 ரூபாய்.

இது எவ்வளவு அடிப்படையான விஷயம் என்று உங்களுக்குத் தெரியாமல் இருக்காது. ஜிபிஎஸ் செயற்கைக்கோள்கள் சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றுகின்றன. அங்கிருந்து வரும் சிக்னல் தரைக்கு வரும்போது மிகவும் மெலிந்துபோய்விடும். இடத்தைச் சரியாகக் கணக்கிடக் குறைந்தது நான்கு செயற்கைக்கோள்கள் தெரிய வேண்டும். நடுவில் ஒரு இரும்புத் தகடு இருந்தால் கணக்குத் தப்பும். தப்பினால், தான் இருப்பதாக நினைக்கும் இடத்துக்குப் பக்கத்தில் மேப்பில் எந்தக் கோடு இருக்கிறதோ அதில் காரைக் கருவி ஏற்றிவிடும். கொடிவேரியில் வாய்க்கால் கரையை ரோடு என்று காட்டியது அப்படித்தான். சிக்னல் போய்விட்டது என்பது உங்கள் கருவிக்குள் இருக்கும் மென்பொருளுக்குத் தெரிந்திருக்கும். எத்தனை செயற்கைக்கோள் கிடைக்கிறது என்று அது ஒவ்வொரு நொடியும் எண்ணிக்கொண்டுதான் இருக்கிறது. ‘இப்போது எனக்கு இடம் சரியாகத் தெரியவில்லை’ என்று ஒரு வார்த்தை தமிழில் சொல்லியிருந்தால், நான் வண்டியை ஓரங்கட்டி யாரிடமாவது வழி கேட்டிருப்பேன். தெரியாததைத் தெரிந்த குரலில் சொன்னதுதான் எங்களை வாய்க்கால் கரைக்குக் கொண்டுபோனது. என் மனத்தாங்கல் முழுவதும் இதில்தான் இருக்கிறது. உங்கள் கருவியும் இப்படித்தான் பேசுகிறது, ‘குறை இல்லை’ என்று சீட்டுக் கொடுக்கும் உங்கள் சர்வீஸ் சென்டரும் இப்படித்தான் பேசுகிறது.

ஆன்டெனா படத்தை எடுத்து நான்காவது புகாரோடு அனுப்பினேன். வந்த பதிலைப் படித்தபோது கை நடுங்கியது: ‘வெளி நபர் கருவியைக் கையாண்டதால் வாரன்டி செல்லாது.’ தவறாக மாட்டியது உங்கள் கடை. ஒன்பது நாள் வைத்திருந்து பார்க்காமல் விட்டது உங்கள் சர்வீஸ் சென்டர். சரி செய்தவர் வெளி நபரா?

வழிகாட்டியை நம்பிப் போய் உயிரே போயிருக்கிறது. 2024 நவம்பரில் உத்தரப் பிரதேசத்தின் பரேலி பக்கத்தில், ராமகங்கை ஆற்றின் மேல் பாதி இல்லாத பாலத்திலிருந்து கார் விழுந்து மூன்று பேர் இறந்தார்கள். 2023 அக்டோபரில் கொச்சி அருகே மழை இரவில் இரண்டு இளம் மருத்துவர்கள் காரோடு பெரியாற்றில் மூழ்கினார்கள். இரண்டிலும் வழிகாட்டியைப் பார்த்து ஓட்டியதாகச் செய்தி வந்தது. அந்தச் செய்திகளைப் படிக்கும்போதெல்லாம் தடப்பள்ளி வாய்க்காலில் ஓடிய தண்ணீர்தான் எனக்கு ஞாபகம் வருகிறது.

விற்றதோடு முடிகிற சரக்கு இல்லை இது. ஜிபிஎஸ் தேதியை வாரங்களாக எண்ணுகிறது, அந்த எண்ணிக்கை 1,024 வாரத்துக்கு ஒரு முறை பூஜ்யத்துக்குத் திரும்பும். 2019 ஏப்ரலில் அப்படித் திரும்பியபோது, அப்டேட் கிடைக்காத பழைய கருவிகள் தேதியைத் தப்பாகக் காட்டின. ரோடும் பாலமும் அதைவிட வேகமாக மாறுகின்றன. வாங்கியவரை வருஷக்கணக்கில் பார்த்துக்கொள்ள முடியாதென்றால் இந்த வியாபாரத்துக்கு வரக்கூடாது.

எனக்கு வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். அப்டேட்டுக்கு வாங்கிய 3,500 ரூபாயைத் திருப்பிக் கொடுங்கள், அல்லது பாலம் இருக்கிற மேப்பைக் கொடுங்கள். வாரன்டி செல்லும் என்று எழுத்தில் தாருங்கள். உங்கள் கடைகளில் மாட்டிய மற்ற கார்களையும் கூப்பிட்டு ஆன்டெனா எங்கே இருக்கிறது என்று பாருங்கள். என் காருக்கு மட்டும் இப்படி நடந்திருக்கும் என்று நான் நம்பவில்லை. மேப் எந்த வருஷத்தது என்பதை முதல் திரையிலேயே காட்டுங்கள், பெட்டியின் மேலும் அச்சிடுங்கள். புகார் கொடுத்தவர் ‘சரியாகிவிட்டது’ என்று சொல்லாமல் அதை மூடாதீர்கள்.

அப்புறம், காட்டு ரோடுகள். பண்ணாரி மட்டுமில்லை, பந்திப்பூர் வழியாகப் போகும் நெடுஞ்சாலைகளிலும் 2009-லிருந்து இரவு ஒன்பது முதல் காலை ஆறு வரை தடை இருக்கிறது. இதெல்லாம் ஊரறிந்த விஷயம். கருவியில் கடிகாரம் இருக்கிறது, போய்ச் சேரும் நேரத்தையும் அதுவே கணக்குப் போடுகிறது. ‘இந்த கேட் ஒன்பதுக்கு மூடும்’ என்று சேர்க்க உங்களுக்கு ஒரு வரி போதும்.

1915 நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்துவிட்டேன். 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நான் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். உங்கள் தலைமை அலுவலகம் இருக்கும் ஊருக்கு நான் அலைய வேண்டியதில்லை. ஐந்து லட்சம் ரூபாய்க்கு உட்பட்ட பொருளுக்குக் கட்டணமும் கிடையாது. பில், நான்கு புகார் எண்கள், சர்வீஸ் சென்டர் சீட்டு, ஆன்டெனா ஒட்டியிருந்த படம், பண்ணாரியில் இரவு 9:20-க்கு மூடிய கேட்டுக்கு முன்னால் எடுத்த உங்கள் திரையின் படம், எல்லாம் ஒரு ஃபைலில் இருக்கின்றன.

அடுத்த மாதம் தங்கைக்கு மறுபரிசோதனை. அம்மாவோடு மறுபடியும் அதே வழியில் போகிறேன். கொடிவேரிப் பக்கம் நிறுத்தி, மொபெட்டில் வந்தவரை விசாரித்துப் பார்க்க வேண்டும். அதற்குள் உங்கள் பதில் வரவில்லை என்றால், திரும்பி வந்த மறுநாள் மதுரை மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு கொடுப்பேன்.

இப்படிக்கு,
உங்களிடம் கருவி வாங்கிய மதுரைக்காரர் ஒருவர்