ஊரைப் பற்றிய ஆய்வு ஊருக்கு வர வேண்டாமா?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

முனைவர் பட்ட ஆய்வுகளின் தரம் பற்றித் தங்கள் இதழில் வாசகர்கள் எழுதிவரும் கடிதங்களைப் படித்துவருகிறேன். காசு கொடுத்தால் ஆய்வேடு எழுதித் தருகிறார்கள், எல்லாம் ஒட்டுவேலை என்ற புலம்பல் நியாயம்தான். ஆனால் ஒழுங்காகச் செய்த ஆய்வு எங்கே போய்ச் சேருகிறது என்று யாரும் கேட்கக் காணோம். விழுப்புரம் மாவட்டத்துக் கிளை நூலகங்களில் 31 வருஷம் வேலை பார்த்தவன் நான். என்னிடம் அந்தக் கேள்வியைக் கேட்டவர் ஒரு கரும்பு விவசாயி.

பத்து வருஷம் இருக்கும். எங்கள் மாவட்டத்து இருவேல்பட்டுக்காரர். வழக்கமாகப் பேப்பர் படித்துவிட்டுப் போய்விடுபவர், அன்றைக்கு நேரே என் மேசைக்கு வந்தார். "சார், எங்க ஊரப் பத்தி வெள்ளக்காரன் காலத்துலயே புத்தகம் போட்டுருக்காங்களாமே, இருக்குதா?"

இல்லை. நான் பணியில் இருந்த காலம் முழுக்க ஒரு பிரதி வந்ததில்லை.

ஒரு புத்தகம்கூட அல்ல, வரிசையாகவே இருக்கிறது. சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் இந்தியப் பொருளாதாரப் பேராசிரியர் கில்பர்ட் ஸ்லேட்டர், 1916இல் தம் மாணவர்கள் கையில் கேள்வித்தாளைக் கொடுத்து ஊர்களைக் கணக்கெடுக்கச் சொன்னார். இருவேல்பட்டு, தூசி, கங்கைகொண்டான், பாலக்குறிச்சி, வடமலைபுரம் ஆகிய ஊர்களும் இன்னும் சிலவும் 1918இல் நூலாயின. 1930களில் பி.ஜே. தாமஸும் கே.சி. ராமகிருஷ்ணனும் அந்த ஊர்களை மறுபடி ஆய்வு செய்தார்கள். 1980களின் தொடக்கத்தில் எஸ். குகனும் ஜோன் மெஞ்சரும் இருவேல்பட்டுக்குப் போனார்கள். 2008இல் ஜான் ஹாரிஸ், ஜெ. ஜெயரஞ்சன், கே. நாகராஜ் ஆகிய ஆய்வாளர்கள் போனார்கள். ஒரு ஊரை 92 வருஷம் விடாமல் பின்தொடர்வது லேசுப்பட்ட காரியமா? அவர்கள்மேல் எனக்கு மரியாதைதான்.

ஸ்லேட்டர் நூல் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. இருவேல்பட்டுப் பக்கங்களை அச்செடுத்து வந்து, அந்த விவசாயிக்குத் தமிழில் சொல்லிக்கொண்டே போனேன். ஊர்ப் பெயரே 'எருவெள்ளிப்பேட்' மாதிரி ஏதோ எழுதியிருந்ததைப் பார்த்துச் சிரித்தார். பண்ணையாள்களான படியாள்களைப் பற்றிய இடம் வந்தபோது சிரிப்பு நின்றது. கல்யாணத்துக்கு வாங்கிய கடன் அப்பனுக்குப் பின் மகன் தலையில் விழும், ஆள் அந்தக் குடும்பத்துக்கே கட்டுப்பட்டுக் கிடப்பான் என்ற பகுதி. "அத இன்னொருவாட்டி படிங்க சார்" என்றார். படித்தேன்.

பிறகு அவராகவே சொன்ன கதைதான் இந்தக் கடிதத்துக்குக் காரணம். எண்பதுகளில் வந்தவர்களை அவருக்கு ஞாபகம் இருக்கிறது. திண்ணையில் உட்கார்ந்து எத்தனை காணி, எத்தனை மாடு, எவ்வளவு கடன் என்று கேட்டுக் கேட்டு எழுதினார்களாம். "மல்லாட்டன்னா என்னான்னு அந்தத் தம்பி கேட்டுச்சு. லோன் குடுக்க வந்தவங்களா, வரி போட வந்தவங்களான்னு எங்கப்பாவுக்குப் பிடிபடல. ரெண்டு மாட்ட கொறச்சுச் சொல்லிட்டாரு." (மல்லாட்டை என்றால் எங்கள் பக்கத்தில் வேர்க்கடலை.)

அந்த ரெண்டு மாடு எந்த அட்டவணையில் குறைகிறதோ! அறிக்கை தமிழில் ஊருக்கு வந்திருந்தால் யாராவது ஒருவர் எழுந்து, "இது தப்புங்க" என்று சொல்லியிருப்பார். ஆய்வுக்கும் அது லாபம்தானே.

ஆங்கிலத்தில் எழுதுவதை நான் குறை சொல்லவில்லை. பேராசிரியர்களின் பதவி உயர்வு அதில் இருக்கிறது. ஆய்வேடுகளை இணையத்தில் ஏற்றியாக வேண்டும் என்று பல்கலைக்கழக மானியக் குழு 2009இலேயே விதி போட்டது; அந்த ஆய்வேடுகள் ஏறும் 'சோத்கங்கா' தளத்தில் நானும் மணிக்கணக்கில் துழாவியிருக்கிறேன். அதில் பி.டி.எஃப்.பாக ஏற்றிவிட்டதால் ஊருக்கு வந்துவிட்டதாக ஆகாது. வீட்டு வரியில் ரூபாய்க்குப் பத்து காசு நூலக வரி கட்டுகிற ஊர்க்காரருக்கு, தன்னைப் பற்றிய புத்தகம் தன் நூலக அலமாரியில் இல்லை.

நான் கேட்பது பெரிய காரியமில்லை. ஒரு ஊரிலோ ஒரு தெருவிலோ ஒரு தொழிற்கூடத்திலோ கணக்கெடுத்து ஆய்வு செய்பவர், வாய்மொழித் தேர்வுக்கு முன் இருபது பக்கச் சுருக்கம் ஒன்றைத் தமிழில் எழுதி அந்த ஊர் நூலகத்தில் ஒப்படைத்து, நூலகரிடம் ரசீது வாங்கி வர வேண்டும். அந்த ரசீது இல்லாமல் பட்டம் கிடையாது என்று பல்கலைக்கழகங்கள் ஒரு வரி சேர்த்தால் போதும். பெயர்களை மறைத்துக்கொள்ளட்டும். ஊருக்குள் பகை மூட்டக்கூடிய விஷயம் எது என்று அங்கே தங்கி வேலை செய்தவருக்கே தெரியும்.

ஸ்லேட்டர் நூலின் இருவேல்பட்டுப் பகுதியை நான் ஒரு நோட்டில் தமிழில் எழுதி வைத்திருக்கிறேன். பிழை இருக்கும், நான் பொருளாதாரம் படித்தவனில்லை. அச்சடிக்க யார் முன்வந்தாலும் தருகிறேன். அந்த விவசாயி ஏற்கெனவே ஒரு ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற நூலகர்,
விழுப்புரம்.